ஜேன் ஆடம்ஸ்: சிகாகோவின் ஏழைத் தெருவில் கதவைத் திறந்து வைத்த பெண்

ராத்திரி பத்து மணிக்குக் கணவனிடம் அடி வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிவரும் ஒரு பெண், இன்று தமிழ்நாட்டில் 181-க்கு போன் செய்யலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. மாவட்டத்துக்கு மாவட்டம் ‘ஒன் ஸ்டாப் சென்டர்’ இருக்கிறது. அங்கே போனால் என்ன நடக்கும், எவ்வளவு நேரம் காக்க வைப்பார்கள் என்பதெல்லாம் தனிக் கதை. ஆனாலும் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பாவது இருக்கிறது.

1889-ல் அமெரிக்காவின் சிகாகோவில் அந்த நினைப்புகூடக் கிடையாது. போலீஸ் ஸ்டேஷன், தேவாலயம், தர்ம சங்கம், அதுவும் இல்லையென்றால் அரசு நடத்திய ஏழைகள் விடுதி. பெரும்பாலும் எங்கே போய் நின்றாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: உதவி வாங்க உனக்குத் தகுதி இருக்கிறதா? குடிப்பவனா, சோம்பேறியா, ஒழுக்கம் தவறியவளா என்று விசாரித்துத்தான் ஒரு மூட்டை நிலக்கரியே தருவார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க, அடிபட்டு அடிபட்டுக் கற்றுக்கொண்ட வீடு ஒன்று அந்த ஊரில் இருந்தது. பெயர் ஹல் ஹவுஸ். அதை நடத்தியவர் ஜேன் ஆடம்ஸ். 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பரிசை வாங்கிய முதல் அமெரிக்கப் பெண். பொது அறிவுப் புத்தகங்களில் இந்த ஒரு வரியோடு அவர் கதை முடிந்துவிடும். உண்மையில் சுவாரஸ்யமான பகுதி, அதற்கு நாற்பது வருஷம் முன்னால் அந்த வீட்டுக்குள் நடந்ததுதான்.

வசதியான வீட்டுப் பெண்

ஜேன் பிறந்தது 1860 செப்டம்பர் 6-ம் தேதி, இல்லினாய் மாநிலத்தின் சீடர்வில் என்ற சிற்றூரில். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது. அப்பா ஜான் ஆடம்ஸ் மாவு மில் முதலாளி, மாநில செனட்டர், ஆபிரகாம் லிங்கனுக்கு நண்பர். ஜேனுக்கு இரண்டு வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். நான்கு வயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோய் முதுகை வளைத்துவிட்டது. இவ்வளவு கம்பீரமான மனிதருக்கு இப்படி ஒரு மகளா என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று, தேவாலயத்திலிருந்து வரும்போது அப்பாவின் பக்கத்தில் நடக்காமல் உறவினர் ஒருவரோடு ஒட்டிக்கொண்டு போன சிறுமி அவர்.

இன்னொரு சின்ன வயது நினைவும் உண்டு. அப்பாவோடு பக்கத்து ஊருக்குப் போனபோது, நெருக்கியடித்து நின்ற சின்னச் சின்ன வீடுகளைப் பார்த்திருக்கிறார். பெரியவளானதும் நான் பெரிய வீடாகக் கட்டுவேன், ஆனால் பணக்காரர் தெருவில் அல்ல, இந்த மாதிரி வீடுகளுக்கு நடுவில்தான் என்று அப்பாவிடம் சொன்னாராம். தலைவர்களின் குழந்தைப் பருவக் கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். ஆனால் கடைசியில் அவர் செய்தது அச்சு அசலாக இதைத்தான்.

1881-ல் ராக்ஃபோர்டு பெண்கள் கல்லூரியில் படிப்பை முடித்தார். டாக்டராக ஆசை. அதே ஆண்டு கோடையில் அப்பா திடீரென்று இறந்துபோனார். பிலடெல்பியா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து சில மாதங்களிலேயே முதுகுவலி படுக்கையில் தள்ளியது. அறுவை சிகிச்சை, ஓய்வு, படிப்பு கைவிட்டுப் போனது. பிறகு கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் வெறுமைதான். படிப்பு இருக்கிறது, அப்பா விட்டுப்போன சொத்து இருக்கிறது, செய்ய வேலை இல்லை. அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பெண்ணுக்கு இருந்த வழி ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் ஐரோப்பிய சுற்றுலா. ஜேன் சுற்றுலா போனார், இரண்டு தடவை.

1883-ல் லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவு. ஞாயிறு விற்க முடியாத, அழுகத் தொடங்கிய காய்கறிகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் கிழிந்த உடையில் கூட்டம். காசைப் பிடித்தபடி மேலே நீண்ட கைகள். ஏலத்தில் ஒரு முட்டைக்கோஸ் கிடைத்த ஆள், அங்கேயே தரையில் உட்கார்ந்து அதைப் பச்சையாகக் கடித்துத் தின்றான். அதற்குப் பிறகு பல நாட்களுக்கு, தலைக்கு மேல் உயரும் கைகளைப் பார்த்தாலே ஜேனுக்கு உடம்பு பதறியது. குழந்தைகள் விளையாட்டுக்குத் தூக்கும் கைகள்கூட.

1888-ல் மறுபடி லண்டன் போனபோது அதே கிழக்குப் பகுதியில் டாயின்பி ஹாலைப் பார்த்தார். பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள் ஏழைகள் வசிக்கும் இடத்திலேயே வந்து தங்கி, பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழும் இடம் அது. தர்மம் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வண்டியேறி வீட்டுக்குத் திரும்பும் ஏற்பாடு இல்லை. குடியிருப்பு. இதைத்தான் ஜேன் தேடிக்கொண்டிருந்தார்.

மதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பங்களா

ஊர் திரும்பியதும் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரோடு சேர்ந்து சிகாகோவில் வீடு தேடினார். ஹால்ஸ்டெட் தெருவில் கிடைத்தது, சார்லஸ் ஹல் என்பவர் 1856-ல் கட்டிய பழைய பங்களா. கட்டியபோது அது ஊருக்கு வெளியே. முப்பது ஆண்டில் நகரம் அதைச் சுற்றி வளைத்துவிட்டது. ஒரு பக்கம் சவ அடக்க ஏற்பாடு செய்யும் கடை, இன்னொரு பக்கம் மதுக்கடை. இத்தாலியர், ஜெர்மானியர், ரஷ்ய யூதர், பொஹீமியர், ஐரிஷ்காரர் என்று கப்பலேறி வந்த கூட்டம், ஒரே அறையில் ஒரு குடும்பமாக அடைந்து கிடந்தது. 1890 கணக்கெடுப்பில் சிகாகோவின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீடும் சாக்கடையும் பள்ளிக்கூடமும் அதே வேகத்தில் வளரவில்லை.

1889 செப்டம்பர் 18. ஜேன், எலன், வீட்டு வேலையைப் பார்த்துக்கொள்ள வந்த மேரி கீசர், மூவரும் குடிபுகுந்தார்கள். முதல் நாள் பரபரப்பில் பக்கவாட்டுக் கதவைப் பூட்ட மட்டுமில்லை, சாத்தவே மறந்துவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு சாமான்கூடக் காணாமல் போகவில்லை. புது அக்கம்பக்கத்தைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வரும்போது இவர்கள் மனதில் இருந்தது நெருக்கடி உதவி மையம் அல்ல. நாவல் வாசிப்பு, ஓவியக் கண்காட்சி, இசை. படித்த பெண்களுக்குத் தெரிந்ததைத்தானே கொடுக்க முடியும்! ஆனால் கதவைத் தட்டியவர்கள் வேறு பட்டியலோடு வந்தார்கள்.

வந்தவர்கள் யார்?

ஒரு நவம்பர் சாயங்காலம் பதினைந்து வயதுக் கல்யாணப் பெண் ஒருத்தி அடைக்கலம் தேடி வந்தாள். கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டாள் என்று ஒரு வாரமாகப் புருஷன் தினமும் வேலையிலிருந்து வந்ததும் அடித்திருக்கிறான்.

கல்யாணமாகாத பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி. ‘மானமுள்ள’ அக்கம்பக்கத்துப் பெண்கள் யாரும் தொட வரவில்லை, டாக்டரும் இல்லை. ஜேனும் அவரோடு தங்கியிருந்த ஜூலியா லாத்ரப்பும் ஓடினார்கள். இருவருக்கும் பிரசவம் பார்த்துப் பழக்கமே இல்லை. எப்படியோ குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் குழந்தைகளை அறைக்குள் பூட்டிவிட்டுப் போவார்கள். வேறு வழி? ஹல் ஹவுஸ்காரர்கள் அப்படி ஊனமான மூன்று குழந்தைகளைப் பார்த்தார்கள். ஒன்று மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. ஒன்று தீக்காயம் பட்டது. மூன்றாவதுக்கு முதுகு வளைந்திருந்தது. மூன்று வருஷமாகத் தினமும் சமையலறை மேஜைக்காலில் கட்டிப்போடப்பட்ட குழந்தை. மத்தியானம் அண்ணன்காரன் பக்கத்து ஃபேக்டரியிலிருந்து ஓடிவந்து தன் சாப்பாட்டில் பங்கு கொடுக்கும்போது மட்டும் கட்டவிழ்ப்பான்.

ஆகவே குழந்தைகள் காப்பகம் தொடங்கியது. நாளுக்கு ஐந்து சென்ட் கட்டணம். நம் ஊர் பால்வாடியைப் போல என்று சொல்லலாம், அரசாங்கம் மட்டும் பின்னால் இல்லை.

ஒவ்வொரு சேவையும் இப்படித்தான் முளைத்தது. திட்டம் போட்டு அல்ல, யாரோ ஒருவர் வந்து நின்றதால். செருப்பு ஃபேக்டரி பெண்கள் ஸ்ட்ரைக் செய்தபோது ஒரு விஷயம் தெரிந்தது: வாடகை அறையில் தனியாகத் தங்கும் பெண்கள்தான் முதலில் பின்வாங்கினார்கள். வாடகை கட்டாவிட்டால் தெருவில் நிற்க வேண்டுமே என்ற பயம். அவர்களே பேசி, சேர்ந்து வாடகை கட்டி, சேர்ந்து நடத்தும் விடுதியை உருவாக்கினார்கள். முதல் மாத வாடகையும் நாற்காலி மேஜையும் மட்டும் ஜேன் கொடுத்தார். ‘ஜேன் கிளப்’ என்று பெயர். மூன்றாம் ஆண்டு முடிவில் ஐம்பது பேர் தங்கியிருந்தார்கள். வார்டன் கிடையாது.

இரண்டாம் ஆண்டிலேயே வாரத்துக்கு சுமார் 2,000 பேர் அந்த வீட்டுக்கு வந்து போனார்கள். அங்கேயே குடியிருந்து வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள்தான் பணம் கட்டினார்கள். மீதிச் செலவுக்கு ஜேனின் சொத்தும், சிகாகோவின் பணக்காரப் பெண்கள் சிலரின் காசும். அவர்களில் ஒருவரான மேரி ரோஸெட் ஸ்மித், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜேனின் வாழ்க்கைத் துணையாகவும் இருந்தார்.

விதிப்படி நடந்தார், ஆள் இறந்துபோனார்

1893-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் சிகாகோவில் வேலையில்லாதவர்கள் போலீஸ் ஸ்டேஷன் நடைபாதைகளிலும் நகர மன்றக் கட்டிடத்திலும் படுத்துத் தூங்கினார்கள். நிவாரணம் கொடுக்க நகரில் ஓர் அமைப்பு உருவானது, ஜேனும் அதில் வேலை பார்த்தார். விதி எளிமையானது: எங்கேயாவது வேலை இருக்கிறது என்றால், அதைச் செய்யாதவருக்கு நிவாரணம் கிடையாது.

சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து வேலை இழந்த ஒருவர் உதவி கேட்டு வந்தார். ஜேனுக்கு அவர் குடும்பத்தைத் தெரியும். கால்வாய் தோண்டும் வேலை இருக்கிறதே என்று விதிப்படி சொன்னார். எப்போதும் உள்ளே உட்கார்ந்து வேலை செய்தவன், இந்தக் குளிரில் வெளியே நின்று உழைக்க உடம்பு தாங்காது என்றார் அவர். விதி விதிதான். அவர் போனார். இரண்டு நாள் தோண்டினார். நிமோனியா வந்தது. ஒரு வாரத்தில் இறந்துபோனார். இரண்டு சின்னக் குழந்தைகள்.

அந்தக் குழந்தைகள் வளர்வதை ஜேன் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டே இருந்தார். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வந்தது என்பதைத் தன் சுயசரிதையில் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். ஒருவரின் வாழ்க்கையை முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு உதவி ‘நிர்வகிக்க’ முடியாது என்பது அவர் எடுத்துக்கொண்ட பாடம். பொதுவாக இத்தகைய மனிதர்களின் வரலாற்றில் வெற்றிகள்தான் வரிசையாக நிற்கும். ஜேன் எழுதியதில் தோல்விகள்தான் மனதில் நிற்கின்றன.

இன்னொன்று. காப்பகத்தில் யாரோ விட்டுப்போன பிறந்த குழந்தை ஒன்று, எவ்வளவோ பார்த்துக்கொண்டும் சில வாரங்களில் இறந்துவிட்டது. அம்மாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அரசுச் செலவில் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார்கள், பதினொரு மணிக்கு வண்டி வரும். ஒன்பது மணிக்கே விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கொதித்துப்போய் வந்தார்கள். கையில் இருந்த சில்லறையை ஒன்றுசேர்த்து, முறைப்படி அடக்கம் செய்யச் சொன்னார்கள். அநாதைப் பிணமாக அனுப்புவதா! படித்த பெண்களுக்கு அது வெறும் நடைமுறை, தெருவுக்கு அது அவமானம். நம் ஊரில் யாருக்கும் இதை விளக்கவே வேண்டாம்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். குறைந்த செலவில் சத்தான உணவு என்று அறிவியல் முறையில் ஒரு பொதுச் சமையலறை தொடங்கினார்கள். வியாபாரம் ஓடவில்லை. சத்து இருக்கலாம், ஆனால் எனக்குப் பிடித்ததைத்தான் நான் சாப்பிடுவேன் என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதே இடத்தில் வைத்த காபி கடை நன்றாக ஓடியது.

கவுன்சிலர் மட்டும் ஏன் ஜெயிக்கிறார்?

19-வது வார்டின் கவுன்சிலர் ஜானி பவர்ஸ். ஊழல் பேர்வழி என்று ஊருக்கே தெரியும். தெருவில் குப்பை மலையாகக் கிடந்தது, பள்ளிக்கூடம் போதவில்லை. ஹல் ஹவுஸ் அவரைத் தோற்கடிக்க மூன்று தேர்தல்களில் முயன்றது. ஆள் அசையவில்லை.

தோற்றவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? மக்களுக்கு விவரம் போதாது என்று திட்டுவார்கள். ஜேன் உட்கார்ந்து யோசித்தார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பவர்ஸ் முதலில் வருகிறார். சவப்பெட்டிக்கு, வண்டிக்குப் பணம் தருகிறார். பையனை போலீஸ் பிடித்தால் ஜாமீன். கிறிஸ்துமஸுக்கு டன் கணக்கில் வான்கோழி. வார்டில் ஐந்து வாக்காளரில் ஒருவர் அவர் தயவில் வேலையில் இருக்கிறார். தகுதி இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. தர்ம சங்கத்துப் பெண்மணி கேட்கிற நூறு கேள்விக்குப் பக்கத்தில் இந்த மனிதர் எவ்வளவோ மேல் என்று ஜனங்கள் நினைப்பதில் என்ன தப்பு? 1898-ல் இதை அவர் கட்டுரையாகவே எழுதினார். கஷ்டகாலத்தில் வாசலுக்கு வருகிறவருக்குத்தான் ஓட்டு. சிகாகோவோ சென்னையோ, பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் அந்த வான்கோழிக்கான காசு எங்கிருந்து வந்தது என்பதும் ஜேனுக்குத் தெரியும். குப்பை அள்ளாததால் மிச்சமான காசும் அதில் அடக்கம்! குப்பை காண்ட்ராக்டைத் தனக்கே தரும்படி ஏலம் கேட்டார். ஏதோ நுணுக்கம் காட்டி நிராகரித்தார்கள். விஷயம் பரபரப்பாகவே, 1895-ல் மேயர் அவரை வார்டின் குப்பை இன்ஸ்பெக்டராக நியமித்தார், ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம். காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளுக்குப் பின்னால் போவார். ஒரு சந்தில் குப்பையை அள்ள அள்ள, பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே கல் பாவிய சாலை ஒன்று இருப்பது தெரிந்தது. நகராட்சிக் கணக்கில் அந்தச் சாலை இருந்தது, யாரும் பார்த்ததுதான் இல்லை.

வாசலிலிருந்து சட்டமன்றம் வரை

ஹல் ஹவுஸின் முதல் கிறிஸ்துமஸில் மிட்டாய் கொடுத்தபோது சில சிறுமிகள் வாங்க மறுத்தார்கள். விசாரித்தால், ஆறு வாரமாகக் காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை மிட்டாய் ஃபேக்டரியில் வேலை. பார்த்தாலே குமட்டுகிறது. அதே குளிர்காலத்தில் ஒரே இயந்திரத்தில் மூன்று சிறுவர்கள் அடிபட்டார்கள், ஒருவன் இறந்தே போனான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு வைத்திருந்தால் போதும். முதலாளி ஏதாவது செய்வார் என்று ஜேன் நம்பினார். எதுவும் நடக்கவில்லை. நஷ்டஈடு கேட்க மாட்டோம் என்று பெற்றோரிடம் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

காப்பகமும் காபி கடையும் இதைச் சரிசெய்யாது. சட்டம் வேண்டும். அதற்கு ஆள் எங்கிருந்து வந்தார் என்பதுதான் இந்தக் கதையிலேயே அழகான பகுதி. 1891 டிசம்பர் கடைசியில், பனி கொட்டும் ஒரு காலை, ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண் ஹல் ஹவுஸ் கதவைத் தட்டினார். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி, மூன்று குழந்தைகளோடு நியூயார்க்கிலிருந்து ஓடி வந்தவர். உள்ளே விட்டார்கள். குழந்தைகள் தங்க ஒரு நண்பர் வீட்டில் ஏற்பாடு செய்தார்கள். அடைக்கலம் தேடி வந்த அந்தப் பெண் கூலித் தையல் பட்டறைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி ஆய்வு செய்தார். விளைவு, 1893-ல் இல்லினாய் தொழிற்சாலைச் சட்டம்: 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஃபேக்டரி வேலை கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேரம்தான். மாநிலத்தின் முதல் தலைமைத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரும் கெல்லிதான். எட்டு மணி நேர விதியை 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பல பெற்றோர்களும் இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளை கொண்டுவரும் சில டாலர்தான் அந்த வீட்டு அரிசி.

1899-ல் சிகாகோ அமைந்த குக் கவுன்டியில் சிறாருக்கெனத் தனி நீதிமன்றம் தொடங்கியது, உலகிலேயே முதல் முறையாக. அதுவரை திருடிய பத்து வயதுப் பையனும் பெரியவர்களோடு ஒரே ஜெயிலில்தான். பையனின் வீட்டுக்குப் போய் நிலைமையைப் பார்க்கும் நன்னடத்தை அதிகாரிகளுக்கு அரசு சம்பளம் ஒதுக்கவில்லை. ஹல் ஹவுஸ் பெண்கள் காசு திரட்டிக் கொடுத்தார்கள், முதல் அதிகாரியும் அந்த வீட்டில் வசித்தவர்தான். அந்த யோசனை உலகம் சுற்றியது. இந்தியாவில் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில், 1920-ல்.

வறுமையால் மட்டுமே பிள்ளைகளை விடுதியில் விட வேண்டிய நிலையில் இருக்கும் தாய்க்கு, அந்தப் பணத்தை நேரடியாகக் கையில் கொடுத்தால் என்ன? 1911-ல் இல்லினாய் அதற்கும் சட்டம் போட்டது. 1912-ல் அமெரிக்க மத்திய அரசு குழந்தைகள் நலப் பிரிவைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஜூலியா லாத்ரப். ஆமாம், பழக்கமில்லாமல் பிரசவம் பார்த்த அதே ஜூலியா.

பேய்க் குழந்தையைத் தேடி வந்த பாட்டிகள்

1913 வாக்கில் ஒரு வதந்தி. ஹல் ஹவுஸில் கொம்பும் வாலும் குளம்பும் வைத்த குழந்தை இருக்கிறதாம்! வீட்டில் சாமி படம் மாட்டுவதற்குப் பேயையே மாட்டலாம் என்று சொன்ன புருஷனுக்குப் பிறந்ததாம். ஆறு வாரம் கூட்டம் அலைமோதியது. டிக்கெட் எவ்வளவு என்று போனில் கேட்டார்கள். அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

எரிச்சலடையாமல் ஜேன் கவனித்தது ஒன்று: வந்தவர்களில் வயதான பெண்கள் அதிகம். படுத்த படுக்கையிலிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். குழந்தை இல்லை என்று தெரிந்த பிறகும் போகாமல் உட்கார்ந்து பேசினார்கள். குடித்துவிட்டு அடித்த கணவன், கைவிட்ட மகன், செத்துப்போன குழந்தைகள். யாரிடமும் சொல்லாமல் ஆயுள் முழுக்க வைத்திருந்த கதைகள். கெட்டது செய்யும் ஆணுக்குத் தண்டனை உண்டு என்று சொல்ல அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆதாரம் அந்தப் பேய்க் குழந்தை. வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் ஒரு வாரமாவது கணவன் ஒழுங்காக இருப்பான். ஜேன் இதைக் கட்டுரையாக எழுதினார். குடும்ப வன்முறை பற்றி அந்தக் காலத்தில் யாரும் அறிக்கை கேட்காத இடத்தில் கிடைத்த வாக்குமூலங்கள் அவை.

எட்டாத இடங்கள்

எல்லாம் சரியாகவே செய்தார் என்று சொல்ல முடியாது. 1901-ல் கறுப்பினத்தவர்களைக் கும்பல் அடித்துக் கொல்வதைக் கண்டித்து எழுதினார். ஆனால் கொல்லப்பட்டவர்கள் குற்றம் செய்தவர்கள்தான் என்று ஒரு வாதத்துக்கு ஒப்புக்கொண்டு எழுதினார். அந்த அனுமானமே பொய் என்று கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் புள்ளிவிவரத்தோடு பதிலடி கொடுத்தார். 1909-ல் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமான ‘என்.ஏ.ஏ.சி.பி’ தொடங்கியபோது இருவருமே அதற்குத் துணை நின்றார்கள்.

முதல் உலகப் போரை எதிர்த்தது ஜேனுக்குப் பெரிய விலையானது. 1915-ல் ஹேக் நகரில் நடந்த பெண்கள் அமைதி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். திரும்பி வந்து, துப்பாக்கி ஈட்டியோடு பாய்வதற்கு முன் வீரர்களுக்குப் போதை கொடுக்கிறார்கள் என்று பேசியதும் பத்திரிகைகள் கொந்தளித்தன. நேற்றுவரை அமெரிக்காவின் செல்லம், இன்று துரோகி. பதினாறு ஆண்டு கழித்து நோபல் வந்தது, நிக்கலஸ் முரே பட்லரோடு பங்கு. விழா நாளில் அவர் பால்டிமோரில் மருத்துவமனையில் இருந்தார். தன் பங்குப் பணத்தை அமைதி இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

1935 மே 21-ல் சிகாகோவில் இறந்தார். உடல் ஹல் ஹவுஸில் வைக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் வந்தார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 14-ல் அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. முதியோர் ஓய்வூதியம், வேலையிழந்தவர்களுக்குக் காப்பீடு, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உதவி. அதை முன்னின்று நடத்திய தொழிலாளர் துறைச் செயலர் ஃப்ரான்சிஸ் பெர்கின்ஸ், இளம் வயதில் ஹல் ஹவுஸில் தொண்டராக இருந்தவர்.

வீடு என்ன ஆனது?

இந்த மாதிரி வீடுகள் இந்தியாவுக்கும் வந்தன. 1926-ல் மும்பையின் நாக்பாடாவில் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் தொடங்கிய அக்கம்பக்க இல்லம் அந்த வகைதான். 1936-ல் டாடா அறக்கட்டளை தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரிக்கு, அதாவது இன்றைய ‘டிஸ்’ஸுக்கு, முதல் இயக்குநரும் அவரே. இன்று எம்.எஸ்.டபிள்யூ படித்துவிட்டு கவுன்சலிங் மையத்தில் உட்காருகிறவர்களின் பாடத்திட்டத்துக்கு இப்படி ஒரு பழைய தொடர்பு உண்டு.

சிகாகோவில் ஹல் ஹவுஸ் 13 கட்டிடங்களாக வளர்ந்திருந்தது. 1960-களில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்துக்காகப் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள். பழைய பங்களாவும் சாப்பாட்டுக் கூடமும் மட்டும் தப்பின, இப்போது அருங்காட்சியகம். சேவைகள் ‘ஜேன் ஆடம்ஸ் ஹல் ஹவுஸ் சங்கம்’ என்ற பெயரில் நகரின் பல இடங்களில் தொடர்ந்தன: குழந்தைகள் காப்பகம், வளர்ப்புப் பெற்றோர் ஏற்பாடு, வேலைப் பயிற்சி, குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு ஆலோசனை. வருமானத்தில் பெரும்பகுதி அரசு நிதி. பொருளாதார மந்தத்தில் உதவி கேட்டு வருவோர் கூட, நிதி குறைந்துகொண்டே போனது. கடன் ஏறியது. 2012 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை, முன்பு அறிவித்த தேதிக்கு முன்பாகவே சங்கம் மூடப்பட்டது. ஊழியர்கள் கடைசிச் சம்பளக் காசோலையோடு வெளியேறினார்கள். அங்கே வந்துகொண்டிருந்த குடும்பங்களை நகரின் வேறு அமைப்புகளுக்கு மாற்றி அனுப்பினார்கள்.